கள்ள மணி

அந்த மணி ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். கனமான பித்தளை. பீச் ஸ்திரீட்டில் நாங்கள் வேலை பார்த்த கிடங்கின் முன்சுவரில், அஞ்சடி என்று பினாங்குத் தமிழர்கள் சொல்லும் கடைமுன் நடைபாதைக்கு மேலே, யார் கைக்கும் எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தது. அது அடித்தால் தெருவில் சைக்கிள் மிதிப்பவன் கால் ஊன்றி நிற்பான், எதிர்க்கடைச் சீனர் கணக்குப் போடும் மணிச்சட்டத்தை வைத்துவிட்டு வெளியே வருவார். இன்று என் மகன் வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் அலாரம் பெட்டி இருக்கிறது. பல்லி ஓடினால்கூட ஊரைக் கூட்டுகிறது. ஊர்தான் கூடுவதில்லை. எண்களை அமுக்கினால் அடங்கிவிடுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்புவதுகூட இல்லை. "பாதுகாப்புக்குத்தானம்மா" என்கிறான் மகன். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அப்படிப்பட்ட ஒரு மணியால் செத்துப்போன மனிதரை எனக்குத் தெரியும். மணியால் என்று சொல்வதும் சரியில்லை. மணி தன் வேலையைத்தான் செய்தது. கொன்றது ஒரு மனிதனின் வாய். அதைச் சொல்லத்தான் இந்த வயதில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கிடங்கின் தலைமை எழுத்தரை நாங்கள் பெரிய கிராணி என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். நான் பினாங்கிலேயே பிறந்தவள், அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். கான்வென்ட்டில் படித்துவிட்டு டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாண வயது. பெண் பிள்ளையை ஆபீசுக்கு அனுப்பலாமா என்று உறவில் பேசினார்கள். பெரிய கிராணி அப்பாவிடம், "என்ரை மகளை இருத்திற மாதிரி என்ரை மேசைக்குப் பக்கத்தில இருத்துறன்" என்று சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. அவருக்கு மகள் கிடையாது, பிள்ளைகளே கிடையாது. வெள்ளைக் கோட்டும் கறுப்புத் தொப்பியும் போட்டு நேராக நடப்பார். கோபம் வந்தால் இங்கிலீஷில் பேசுவார். சந்தோஷம் வந்தாலும் இங்கிலீஷ்தான். தமிழ் பசிக்கும் களைப்புக்கும் மட்டும் என்று வைத்திருந்தார் போலும்.

அந்தத் தமிழ் முதலில் எனக்குப் பாதி விளங்கவில்லை. சேர்ந்த புதிதில் ஒரு நாள், "பிள்ளை, மேல அறையில விசிறி பூட்ட வேணும், ஆளைக் கூப்பிடும்" என்றார். விசிறியை எதற்குப் பூட்டுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே ஒரு பெரிய பூட்டையும் சாவியையும் தேடி எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. யாழ்ப்பாணத்தில் பூட்டுவது என்றால் பொருத்துவதாம். அதிலிருந்து ஆபீசில் யாராவது சட்டைப் பொத்தான் போட்டால்கூட "பூட்டியாச்சா?" என்று கேலி செய்வோம். கிடங்கில் இரண்டு மணிகள் இருந்தன. காலையில் வேலை தொடங்கவும் மாலையில் முடிக்கவும் ஜாகா, அதாவது காவலாள், கையால் அடிப்பது ஒன்று. மற்றது சுவரில் இருந்த திருட்டு அலாரம். கள்ளர் வந்தால் அடிப்பது என்பதால் பெரிய கிராணி அதைக் கள்ள மணி என்பார். மூட்டை தூக்குகிறவர்கள் உடனே மற்றதற்கு நல்ல மணி என்று பேர் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பேச்சில் கள்ள நோட்டு, கள்ளச் சாவி என்றால் சட்டத்துக்கு மறைவானது, பொய்யானது என்று அர்த்தம். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தோம். ஒரு கிடங்குக்குள் இருக்கும்வரை அது வெறும் வேடிக்கை.

மணியின் வேலை எளிது. ஒவ்வொரு கதவின் மேல்சட்டத்திலும் இரண்டு பித்தளைத் தகடுகள். கதவு திறந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டும், மின்சாரம் ஓடும், மணி அடிக்கும். மின்சாரத்துக்கு மாடியில் ஒரு அலமாரிக்குள் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நின்றன, அவற்றில் நவச்சாரம் கரைத்த தண்ணீர். மாலையில் எல்லோரும் வெளியேறிய பிறகு பெரிய கிராணி முன்கதவுக்கு வெளியே ஒரு சின்னப் பெட்டியில் சாவியைத் திருப்புவார். அதற்குப் பிறகு எந்தக் கதவு திறந்தாலும் தெருவே அறியும்.

ஜப்பானியர் வருவதற்கு முன் குண்டு விழுந்தது. சந்தைப் பக்கம் செத்துக் கிடந்தவர்களை எடுக்க ஆளில்லை. அந்தக் குழப்பத்தில் வெள்ளைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். எங்கள் துரையும் போனார். போகும் முன் பெரிய கிராணியைக் கூப்பிட்டுச் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, சில நாள் பார்த்துக்கொள், திரும்பி வருவேன் என்றாராம். நாய்க்குட்டியைக்கூடத் தூக்கிக்கொண்டு போன துரை, பதினைந்து வருஷம் தன் கணக்கைச் சுமந்த மனிதரிடம் நீயும் வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைச் சொன்னபோது பெரிய கிராணிக்குக் கோபம் இல்லை. எனக்கு இருந்தது. இன்னும் இருக்கிறது.

கிடங்கை ஜப்பானியர் எடுத்துக்கொண்டார்கள். அரிசியும் துணியும் கூரைவரை அடுக்கினார்கள். வெளியே நாங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தோம், சாக்கைத் தைத்து உடுத்தியவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். திருடிய ஒருவனின் தலையை வெட்டி வழியில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு பெரிய கிராணி அந்த மணியை ஒரு நாளும் கெட்டுப்போக விடவில்லை. நவச்சாரம் கடைகளில் கிடைக்காது. தங்க வேலை செய்யும் தட்டார்களிடம் போய்க் கெஞ்சி ஒரு பொட்டலம் வாங்கி வருவார். ஜப்பான்காரன் அரிசிக்கு இவர் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, கேட்டும்விட்டேன். "அரிசிக்கு இல்லை பிள்ளை" என்றார். "மணி அடிச்சா கள்ளன் உள்ளுக்கு வராமலே ஓடுவான். ஓடினா அவன்ரை தலை தப்பும். மணி இல்லாட்டி உள்ளுக்கு வருவான், ஒரு மூட்டை குறையும், பிறகு எத்தினை தலை போகும்?" அவர் காவல் காத்தது அரிசியை அல்ல, எங்கள் ஆட்களை. பட்டினி கிடந்தவன் கையை நீட்டுவதற்கு முன்னால் அவனை விரட்டிவிட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

முதலில் வந்த ஜப்பானிய அதிகாரிக்கு மணியை அடித்தே காட்டினார். அப்போது தமிழை ஜப்பான் பாஷையில் மாற்றிச் சொல்ல ஒரு துபாஷி வந்திருந்தார். நம்மவர்தான். சண்டைக்கு முன்னால் வீடு வீடாகத் தையல் மெஷின் விற்றவர். ஜப்பான் பாஷை வகுப்பு தொடங்கியதும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, கையில் ஜப்பானியர் கொடுத்த பட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். நாக்கு நல்ல நாக்கு, எந்தப் பாஷையும் ஒட்டிக்கொள்ளும். அன்று பெரிய கிராணி கள்ள மணி என்று சொன்னதை அவர் ஜப்பான் பாஷையில் சொன்னபோது அதில் "டோரோபோ" என்ற சொல் வந்தது. டோரோபோ என்றால் திருடன். அதிகாரி சிரித்து, மணியைக் காட்டி, "டோரோபோ, டோரோபோ" என்று இரண்டு தரம் சொல்லித் தலையாட்டினார். அந்தச் சொல்லை நான் கற்றுக்கொண்டது அன்றுதான்.

பிறகு ஒரு நாள் அந்தத் துபாஷி தனியாக வந்தார். பெரிய கிராணியின் மேசை விளிம்பில் ஒரு பக்கமாக உட்கார்ந்தார். நான் அடுத்த மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். டைப்பிஸ்டுக்குக் காது கிடையாது என்று ஆண்கள் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு.

"கிராணி, உங்க கள்ள மணிக்கு ஒரு நாள் லீவு குடுங்களேன் லா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும். துணி கொஞ்சம் வெளியே போகணும். உங்க வீட்டுக்கும் வந்து சேரும்."

பெரிய கிராணி பேனாவை வைக்கவில்லை. "அது ஏலாது தம்பி. துணி குறைஞ்சா உங்களை ஒண்டும் கேக்கமாட்டினம். மூட்டை தூக்கிற பெடியளைத்தான் கொண்டுபோவினம்."

"நான் கேட்டு யாரும் இல்லைன்னு சொன்னதில்லை."

"இப்ப ஒரு ஆள் சொல்லியாச்சு" என்றார் பெரிய கிராணி.

துபாஷி எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டார். போகும்போது என்னைப் பார்த்து, "தங்கச்சி, நல்லா டைப் அடிக்கிறே" என்றார்.

கொஞ்ச நாளில் பழைய அதிகாரி பர்மாப் பக்கம் மாற்றலாகிப் போனார். புதியவர் சிடுமூஞ்சி. இங்கிலீஷ் எதிரியின் பாஷை, கிடங்குக்குள் ஒரு சொல் கேட்கக் கூடாது என்று வந்ததும் உத்தரவு போட்டார். அவரிடம் மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று பெரிய கிராணி துபாஷியிடம் கேட்டார். சொல்கிறேன் என்றார் துபாஷி.

ஜப்பானியர் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அதனால் வேலை முடியும் நேரத்திலும் வெயில் சுள்ளென்று அடிக்கும். அன்றும் அப்படித்தான். பெரிய கிராணி முன்கதவைப் பூட்டி, சாவியைத் திருப்பினார். நாங்கள் இரண்டு பேரும் அஞ்சடி நிழலில் தெருமுனைவரை வந்திருப்போம். மணி அடித்தது. அவ்வளவு தூரத்திலும் அந்தச் சத்தத்தில் பல்லெல்லாம் கூசியது. மூட்டை தூக்கும் ஆட்களிடம் அவர் எப்போதும் சொல்வது, மணி அடித்தால் ஓடுங்கள், திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று. அன்று அவர் மணியை நோக்கி ஓடினார். தொப்பி விழுந்தது, அதை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

உள்ளே இருந்தது கள்ளன் அல்ல. புதிய அதிகாரி. கடல் பக்கம், வெல்ட் கீ என்ற துறைமுகச் சாலையைப் பார்த்த பின்கதவின் சாவி ஜப்பானியரிடமும் ஒன்று இருந்தது. யாரோ ஏதோ சொல்லி, ஆபீஸ் முடிந்த பிறகு கிடங்கைச் சோதிக்க வந்திருக்கிறார். யார் சொல்லியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் துபாஷியும் அவர் பக்கத்திலேயே நின்றார். சிப்பாய்கள் கம்பியைத் தொடர்ந்து மாடிக்குப் போய் அலமாரியை உடைத்தார்கள். கண்ணாடி ஜாடிகள், கம்பிகள், திருகுகள். மறைவாக ரேடியோ வைத்திருந்தவர்களை அப்போது வீடு வீடாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அதிகாரியின் கண்ணில் இது எப்படிப் பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரிய கிராணி பழக்கத்தில் இங்கிலீஷில் தொடங்கினார். கன்னத்தில் அறை விழுந்தது. மலாயில் சொல்ல வாயெடுத்தார். துபாஷி கையைத் தூக்கி நிறுத்தினார். "தமிழ்லயே சொல்லுங்க கிராணி. நான் சரியாச் சொல்லிடறேன்."

"இது கள்ள மணி. முந்தின அதிகாரிக்கும் தெரியும். பழுதாப் போனதை நான்தான் திருத்திப் பூட்டினனான்" என்றார் அவர்.

துபாஷி ஜப்பான் பாஷையில் சொன்னார். நான் டோரோபோ என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. "ஹிமிட்சு" என்ற சொல் வந்தது. ஹிமிட்சு என்றால் ரகசியம். மறைவான ரேடியோ பற்றிய எச்சரிக்கைகளில் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டியிருந்தார்கள். மீதியை அவர் கைச்சாடையிலிருந்து ஊகித்தேன்: ரகசிய மணி, ராணுவம் உள்ளே வந்தால் வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லும் மணி, இவனே வைத்தான். அதிகாரி கதவைப் பார்த்தார், மணி இருந்த திசையைப் பார்த்தார். அவர் கதவைத் திறந்தார், மணி அடித்தது, இந்த மனிதன் ஓடி வந்தான். எல்லாம் பொருந்திவிட்டது.

நான் கத்தினேன். எனக்குத் தெரிந்த ஜப்பான் பாஷையில் உதவக்கூடிய சொல் ஒன்றுதான். மணியின் பக்கம் கையைக் காட்டி, "டோரோபோ! டோரோபோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதிகாரி திரும்பினார். துபாஷி சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லி, விரலால் தன் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினார். ஒரு சிப்பாய் என்னைப் படியில் தள்ளிவிட்டான். பெரிய கிராணி, "பிள்ளை, வீட்டை போம்" என்றது காதில் விழுந்தது. அவர் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

மறுவாரம் துபாஷி என் மேசைக்கு வந்தார். "உன்னைப் பைத்தியம்னு சொல்லித்தான் காப்பாத்தினேன் தங்கச்சி. இல்லேன்னா உன்னையும் சேர்த்துக் கொண்டுபோயிருப்பாங்க லா." நான் டைப் அடிப்பதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன். "என்ன முறைக்கிறே? அவர் சொன்னதைத்தானே நான் சொன்னேன்? கள்ள மணின்னா கள்ள மணிதானே? யாழ்ப்பாணத்துத் தமிழ் யாருக்குப் புரியுது?" இதையே அவர் கடைத்தெருவிலும் சொன்னார், கோயிலிலும் சொன்னார். பாவம், பாஷையால் வந்த வினை என்று ஊர் உச்சுக்கொட்டியது. சிலர் சிரிக்கவும் செய்தார்கள். அர்த்தம் தெரிந்து மேசை விளிம்பில் உட்கார்ந்து அந்த மணிக்கு லீவு கேட்ட மனிதருக்கு, திடீரென்று அர்த்தம் மறந்துபோனதாம். இதை நான் சொன்னால், உனக்கேன் வம்பு, கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்று என் வாயை அடைத்தார்கள்.

மணியைக் கழற்றி எறிந்தார்கள். துணி குறையத் தொடங்கியது. பெரிய கிராணி சொன்னது போலவே மூட்டை தூக்கும் ஆட்களைத்தான் கொண்டுபோனார்கள். இரண்டு பேர் திரும்பவில்லை.

பெரிய கிராணியின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தினமும் அவித்த கிழங்கை வாழையிலையில் கட்டிக்கொண்டு சிறை வாசலில் போய் நிற்பார். சில நாள் வாங்கிக்கொள்வார்கள், சில நாள் விரட்டுவார்கள். வாங்கிக்கொண்ட நாளில் முகம் தெளிந்திருக்கும், உள்ளே சாப்பிட ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அந்த வாசலில் வைத்துத்தான் அவரிடம் சொன்னேன். ஒரு நாள் காவலாள் கிழங்குப் பொட்டலத்தை வாங்காமல் ஒரு துணி மூட்டையை நீட்டினான். வெள்ளைக் கோட்டு. அது வெள்ளையாக இல்லை. உடலைத் தரவில்லை, எங்கே புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. அக்கா கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற இன்னொரு பெண்ணிடம் கிழங்கைக் கொடுத்துவிட்டு நடந்தார். அழுதது நான்தான்.

சண்டை முடிந்தது. துரை திரும்பி வந்தார், கொஞ்சம் இளைத்து, வெயிலில் கறுத்து. கிடங்கு வாசலில் இறங்கியதும் அண்ணாந்து சுவரைப் பார்த்து, "மணி எங்கே?" என்று கேட்டார். பெரிய கிராணியைப் பற்றிக் கேட்டது அதற்குப் பிறகு. சொன்னதும் தொப்பியைக் கழற்றினார், உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த மாதம் புது மணி வந்தது. நான் வேலையை விட்டுவிட்டேன்.

ஜப்பானியர் காலத்துச் சாவுகளை விசாரிக்க ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியைப் போட்டார்கள். செத்தவரின் சொந்தக்காரர்தான் சாட்சி சொல்லலாம் என்றார்கள், அதனால் அக்காவை நான்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். நீண்ட மேசை, ஜன்னலோரம் விசிறி, அதிகாரி சின்ன வயசுக்காரர், நல்ல முகம். மேசைக்குப் பக்கத்தில், சாட்சிகளின் தமிழை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல, புதுக் கோட்டும் டையுமாக நின்றார் துபாஷி. கையில் பட்டி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எங்களைப் பார்த்து, "வாங்கக்கா, உக்காருங்க" என்றார்.

குரலைக் கேட்டதும் அக்கா, அந்த ஆள் இவர்தானா என்று கேட்பது போல என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன். அவர் உட்காரவில்லை. என்ன வேண்டும், என்ன உதவி செய்ய முடியும் என்று அதிகாரி கேட்டார். துபாஷி தமிழில் சொன்னார். அக்கா துபாஷியைப் பார்க்காமல் அதிகாரியின் முகத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்: "எனக்கு ஒண்டும் வேண்டாம். இந்த ஆள் தெரிஞ்சுதான் மாத்திச் சொன்னவர் எண்டு மட்டும் எழுதச் சொல்லுங்கோ."

துபாஷி தொண்டையைச் செருமினார். "தனக்கு ஒன்றும் வேண்டாம் என்கிறார், ஐயா" என்றார், அழகான இங்கிலீஷில்.

நான் எழுந்துவிட்டேன். இந்த முறை என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல் அல்ல, முழு இங்கிலீஷ். அது முழுவதும் அல்ல, பாதியை விட்டுவிட்டார் என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார், "ஒன்றும் வேண்டாம் என்று அவர் சொன்னாரா, இல்லையா?"

"சொன்னார். ஆனால்..."

"நன்றி, மிஸ். சாட்சி அவர்தான், நீங்கள் இல்லை." குனிந்து எழுதினார். துபாஷி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

படியிறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதிப்போட்டினமோ?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். அவர் பிறகு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார், அங்கேயே காலமானார். துபாஷி பினாங்கில் பெரிய மனிதராக வாழ்ந்து, மாலை மரியாதையோடு போனார். அந்த அதிகாரியும் இப்போது இருக்க மாட்டார். கேட்டவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். ஆகவே அக்கா எழுதச் சொன்னதை நான் எழுதுகிறேன்: அந்த ஆள் தெரிந்துதான் மாற்றிச் சொன்னார்.